செட்டிங் நேரம் சும்மா இருக்கும் நேரமா?

காமர்ஸ் படிக்கிற பையனுக்கு சிஎன்சி மெஷின் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒரு பதில். மெஷினை எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் அந்த மெஷின் ஓடுவதற்கும் ஓடாததற்கும் கணக்கு எழுதுவது நாளைக்கு நாம்தான். அந்தக் கணக்கு தப்பாக இருந்தால் யாருக்கோ விரல் போகும். அதனால்தான் இந்தப் பதிவு.

நம்ம காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் 'ஐடில் டைம்' என்று ஒரு பகுதி வரும், ஞாபகம் இருக்கா? சம்பளம் கொடுக்கிறோம், உற்பத்தி வரவில்லை, அந்த நேரம். அதில் 'நார்மல்' வகைக்கு உதாரணங்கள் வரிசையாக இருக்கும். கேட்டிலிருந்து மெஷின் வரை நடக்கும் நேரம், டீ குடிக்கும் நேரம், மெஷினை செட் செய்யும் நேரம். மெஷின் ஹவர் ரேட் கணக்குகளிலும் பாருங்கள். மொத்த மணி நேரத்தில் செட்டிங் மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் 'எஃபெக்டிவ் ஹவர்ஸ்' என்று எழுதுவோம். பரீட்சைக்கு நானும் அப்படித்தான் எழுதினேன், மார்க்கும் வந்தது.

ஆனால் டீ குடிப்பதும் மெஷினை செட் செய்வதும் எப்படி ஒரே வரிசையில் வந்தது? அதுதான் என் கேள்வி.

கோவை கணபதி பக்கம் என் மாமா ஒருவர் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். ஒரு விஎம்சி, ஒரு சிஎன்சி லேத், ஐந்தாறு ஆட்கள். லீவு நாட்களில் பில் போட, ரிஜிஸ்டர் எழுதப் போவேன். அங்கே இருக்கும் செட்டர் அண்ணன் எதைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்வார். அவரிடம் கேட்டதையும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இன்ஜினியரிங் நண்பர்கள் கோபப்படாமல் படிக்கவும் :-)

அப்படி என்னதான் செய்கிறார்கள் செட்டிங்கில்?

சிஎன்சி என்றதும் பட்டனைத் தட்டினால் பொருள் வந்து விழும் என்று ஒரு நினைப்பு நம்ம பலருக்கு. கம்ப்யூட்டர்தானே எல்லாம் பார்த்துக்கொள்கிறது? இல்லை. பொருள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, டூல் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. ஒரு மனிதன் சொல்ல வேண்டும். அவன் சொன்னதை அது அப்படியே நம்பும். தப்பாகச் சொன்னாலும் நம்பும்!

முதல் வேலை துடைப்பது. சிரிக்காதீர்கள். மேஜையிலும் வைஸிலும் (பொருளைக் கவ்வும் பிடிதான் வைஸ்) முந்தின வேலையின் உலோகச் சுருள் ஒன்று, 0.1 மில்லிமீட்டர் தடிமனில், ஒட்டிக்கொண்டிருந்தால் போதும். அதன் மேல் வைத்த பொருள் அந்த அளவு தூக்கிக்கொண்டு நிற்கும். அடிப்பக்கம் சாய்ந்து, மேல்பக்கம் மட்டும் அழகாக மட்டமாக வரும். டிராயிங்கில் 0.02 கேட்டிருந்தால் பொருள் ஸ்கிராப். இதோடு சேர்த்து லூப்ரிகேஷன் ஆயில், கூலண்ட், காற்றழுத்தம் மூன்றையும் பார்க்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்தால் டூலைப் பிடித்து விடும் அமைப்பே ஒழுங்காக வேலை செய்யாது.

அடுத்தது சூடேற்றுவது. காலையில் வந்ததும் ஸ்பிண்டிலைக் குறைந்த வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வெறுமனே சுற்ற விடுவார்கள். அச்சுகளையும் இங்கும் அங்குமாக ஓட்டுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இதைவிடத் தெளிவான 'ஐடில் டைம்' கிடையாது! காரணம் கேட்டால் ஒரு பெருக்கல் கணக்குதான். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 11.5 மைக்ரான் நீளும். மேஜையை நகர்த்தும் பால் ஸ்குரூவில் 500 மில்லிமீட்டர் நீளம், வேலை செய்யச் செய்ய 4 டிகிரி சூடாகிறது என்று வையுங்கள். 23 மைக்ரான் நீண்டுவிடும். இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம் 20 மைக்ரானுக்கு மேல் விலகக்கூடாது என்று டிராயிங் சொன்னால், காலை ஏழு மணிக்குச் செய்த பீஸும் பத்து மணிக்குச் செய்த பீஸும் ஒன்றாக இருக்காது. புரோகிராமில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. மாறியது இரும்பு.

மூன்றாவது, டயல் ஓட்டுவது. வைஸை மேஜையில் இறுக்குவதற்கு முன்னால், அதன் நிலையான தாடை மெஷினின் அச்சுக்கு நேராக இருக்கிறதா என்று டயல் கேஜை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நகர்த்திப் பார்ப்பார்கள். 150 மில்லிமீட்டர் தாடையில் முள் 0.05 விலகினால், 100 மில்லிமீட்டர் பொருளில் 0.033 கோணல் வந்துவிடும். லேசாகத் தட்டி, மறுபடி ஓட்டி, இறுக்கி, இறுக்கிய பிறகு இன்னொரு தடவை ஓட்ட வேண்டும். இறுக்கும்போதே நகர்ந்திருக்கும் என்பதால்தான் அந்தக் கடைசித் தடவை. அவசரத்தில் முதலில் போவதும் அந்தக் கடைசித் தடவைதான்.

நான்காவதுதான் முக்கியம், ஆஃப்செட். பொருளின் மூலை எங்கே என்று எட்ஜ் ஃபைண்டரால் தொட்டுப் பார்த்து ஜி54 என்ற இடத்தில் எண்ணாகக் கொடுக்க வேண்டும். எட்ஜ் ஃபைண்டரின் முனை 10 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் நடுவுக்கு 5 மில்லிமீட்டர் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தால் 10 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். அப்புறம் ஒவ்வொரு டூலின் நீளமும். மூன்றாம் நம்பர் டூலுக்கு மூன்றாம் நம்பர் நீளத்தைக் கூப்பிட வேண்டும். இரண்டாம் நம்பரைக் கூப்பிட்டால் மெஷின் "ஏன்?" என்று கேட்காது.

-312.450 என்று அடிக்க வேண்டிய இடத்தில் -321.450 என்று அடித்தால் என்ன ஆகும்? நம்ம லெட்ஜரில் இப்படி இரண்டு இலக்கம் இடம் மாறினால் டிரயல் பேலன்ஸ் டாலி ஆகாது. வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்று தந்திரமெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள், கண்டுபிடித்துத் திருத்திவிடுவோம். அங்கே அதே பிழைக்கு டூல் 9 மில்லிமீட்டர் கூடுதலாகக் கீழே இறங்கும். எந்த வேகத்தில் தெரியுமா? நிமிடத்துக்கு 30 மீட்டர் ரேபிட் வேகம் உள்ள மெஷினில், நொடிக்கு 500 மில்லிமீட்டர். எமர்ஜென்சி பட்டனுக்குக் கை போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இன்னொன்று. நம்ம ஊரில் பரவலாக இருக்கும் ஃபானக் கன்ட்ரோல்களில், வழக்கமான அமைப்பில், எக்ஸ்50 என்று எழுதிப் புள்ளி வைக்க மறந்தால் அது 50 மில்லிமீட்டர் இல்லை, 50 மைக்ரான். ஆயிரம் மடங்கு வித்தியாசம் ஒரு புள்ளியில்!

அதனால்தான் முதல் பீஸை யாரும் நேராக ஓட்ட விடுவதில்லை, விடவும் கூடாது. முதலில் திரையில் பாதையை வரைந்து பார்ப்பார்கள். பிறகு டூலைப் பொருளுக்கு மேலே 50 அல்லது 100 மில்லிமீட்டர் தூக்கி வைத்து வெறும் காற்றில் ஓட்டுவார்கள். பிறகு சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக, ரேபிட்டை 25 சதவீதத்துக்குக் குறைத்து, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று திரை காட்டும் எண்ணையும் கண்ணால் தெரியும் இடைவெளியையும் ஒப்பிட்டுக்கொண்டே இறக்குவார்கள். திரையில் 40 மீதி என்று காட்டி, கண்ணுக்கு 10தான் இடைவெளி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். முதல் பீஸ் வெளியே வந்ததும் அளந்து, ஆஃப்செட்டில் திருத்தம் போட்டு, அதன் பிறகுதான் உற்பத்தி. புத்தகத்தின்படி 'எஃபெக்டிவ்' நேரம் இங்கிருந்துதான் ஆரம்பம்!

லேத்தில் ஒரு ஆபத்து

லேத் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன், செட்டர் அண்ணன் சொல்லிக் கேட்டதிலிருந்து எனக்கு மறக்காத விஷயம். லேத்தில் பொருள் சுற்றும், டூல் நகரும். வெட்டு வேகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஜி96 கட்டளை கொடுத்தால், விட்டம் குறையக் குறைய மெஷின் தானாகவே சுற்றுவேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். நிமிடத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம் என்றால், 60 மில்லிமீட்டர் விட்டத்தில் சுமார் 1,060 சுற்று. 20 மில்லிமீட்டரில் சுமார் 3,180. டூல் நடுவை நெருங்க நெருங்க வேகம் முடிவில்லாமல் ஏறப் பார்க்கும். மெஷினின் உச்ச வேகம் வரை ஏறிவிடும்.

இதில் என்ன ஆபத்து? சக்கின் தாடைகள் பொருளை வெளிப்பக்கமிருந்து உள்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கின்றன. சுற்றும் வேகம் இரண்டு மடங்கானால் தாடைகளை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். பிடி தளரும். கிலோக்கணக்கில் எடையுள்ள உருளை அந்த வேகத்தில் சக்கை விட்டுக் கிளம்பினால் கதவுக் கண்ணாடி எவ்வளவு தாங்கும்?

இதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும். ஜி50 என்று போட்டு உச்ச வேகத்தை 1,500 என்றோ 2,000 என்றோ பூட்டி வைப்பது. அந்த வரி இருக்கிறதா என்று பார்ப்பது செட்டிங். சக் அழுத்தம் சரியா, தாடை பொருளைப் போதிய நீளத்துக்குப் பிடித்திருக்கிறதா, சக் சாவி எடுத்தாயிற்றா என்று பார்ப்பதும் செட்டிங். கதவு திறந்தால் மெஷின் நிற்கும் இன்டர்லாக்கை யாராவது "வேலைக்கு இடைஞ்சல்" என்று பைபாஸ் செய்து வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதும் அதில்தான் சேரும்.

"மெஷின் ஓடும்போது நான் பெருசா ஒண்ணும் செய்யறதில்லீங்க தம்பி. ஓடறதுக்கு முன்னாடிதான் என் வேலையே" என்றார் அண்ணன். நம்ம புத்தகம் இதை நேர் தலைகீழாக எழுதி வைத்திருக்கிறது.

இனி நம்ம ஏரியா, கணக்கு

சும்மா ஒரு உதாரணம். மெஷின் ஹவர் ரேட் 400 ரூபாய். செட்டிங் 3 மணி நேரம், ஆக 1,200 ரூபாய். ஒரு பீஸ் ஓட 6 நிமிடம், 40 ரூபாய்.

200 பீஸ் ஆர்டர் வந்தால் செட்டிங் செலவு பீஸுக்கு 6 ரூபாய். அடக்கவிலை 46. 20 பீஸ் ஆர்டர் வந்தால் செட்டிங் செலவு பீஸுக்கு 60 ரூபாய். அடக்கவிலை 100.

ஆனால் நடப்பது என்ன? "போன தடவை 46-க்குத் தானே செய்தீர்கள்?" என்று கேட்டு 20 பீஸுக்கும் அதே ரேட்டுக்கு ஆர்டர் வரும். 20 × 46 = 920. செட்டிங் செலவு மட்டுமே 1,200. மெஷின் ஒரு பீஸ்கூட ஓடும் முன்பே நஷ்டம்.

இந்த நஷ்டத்தை யார் தாங்குவது? முதலாளி செட்டரைப் பார்ப்பார். "மூணு மணி நேரமா? ஒண்ணரை மணி நேரத்துல போடு." எதை விடுவது? சூடேற்றுவதை விடலாம், இரண்டாம் தடவை டயல் ஓட்டுவதை விடலாம், காற்றில் ஓட்டிப் பார்ப்பதை விடலாம். விட்டால் பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. அதுதான் இதில் இருக்கும் விஷம். ஒன்றும் ஆகாத ஒவ்வொரு தடவையும் "பார்த்தியா, தேவையே இல்லை" என்று நிரூபித்துக்கொண்டே வரும், பத்தாவது தடவை வரைக்கும்.

மாமாவின் யூனிட்டில் ஒரு பில்லில் நானே 'செட்டிங் சார்ஜ்' என்று தனி வரி போட்டிருக்கிறேன். வாங்கும் கம்பெனி (பெயர் வேண்டாம்) அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு மீதிக்குப் பணம் அனுப்பியது. "விடு மாப்ளே, அடுத்த ஆர்டர் போயிடும்" என்றார் மாமா. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அந்தப் பேனா வெட்டியது வெறும் பணத்தை மட்டும் இல்லை.

"செட்டிங் நேரத்தைக் குறைக்கச் சொல்வது தப்பா?"

இல்லவே இல்லை. இதைக் கேட்பவர்கள் உடனே ஜப்பானை இழுப்பார்கள், இழுக்கட்டும். ஷிகியோ ஷிங்கோ என்பவர் 1950-ல் ஹிரோஷிமாவில் மாஸ்டா கம்பெனியின் பிரஸ்களைப் பார்த்துத்தான் இதை யோசிக்க ஆரம்பித்தார். 1969-ல் டொயோட்டாவில் ஒரு 1,000 டன் பிரஸ்ஸுக்கு டை மாற்ற நான்கு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. அதை முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தார்கள்.

எப்படிக் குறைத்தார்கள் என்பதுதான் விஷயம். மெஷின் நின்றால்தான் செய்ய முடியும் என்ற வேலைகளையும், மெஷின் வேறு பொருளை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே செய்து வைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்தார்கள். முடிந்ததையெல்லாம் இரண்டாவது பக்கத்துக்குத் தள்ளினார்கள். டூல் நீளத்தை வெளியிலேயே அளந்து வைப்பது, ஃபிக்ஸரைத் தயாராக வைப்பது, போல்ட் எண்ணிக்கையைக் குறைப்பது, இப்படி. சரிபார்ப்பதை விட்டுவிட்டு நேரத்தை மிச்சம் பிடிக்கவில்லை. அதற்குத் தனியாக ஆட்களும் சாமான்களும் யோசனையும் செலவழித்தார்கள். நாம் அந்தச் செலவைச் செய்யாமல் மூன்று நிமிடத்தை மட்டும் கேட்கிறோம்.

"புரோப் வாங்கிப் போட்டால் எல்லாம் தானாக நடக்கும்" என்பது அடுத்த வாதம். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. கையால் எண் அடிப்பதில் வரும் பிழைகளைப் பெருமளவு குறைக்கும். ஆனால் புரோப்பையும் அளவு சரிபார்த்து வைக்க வேண்டும். அடியில் சிக்கிய சுருளைத் துடைக்காது. தளர்ந்த போல்ட்டை இறுக்காது. முக்கியமாக, ஐந்து பேர் வேலை செய்யும் யூனிட் அதை வாங்க வேண்டுமானால் ரேட்டில் அதற்கு இடம் இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி மறுபடி அதே பில் வரிக்குத்தான் வருகிறோம்.

நம்ம சிலபஸிலேயே மருந்து இருக்கிறது

வேடிக்கை என்னவென்றால், செட்டிங் ஒரு தனிச் செலவு என்று சொன்னவர்கள் நம்ம துறையிலேயே இருக்கிறார்கள். 1913-ல் ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர், ஒரே தடவையில் எத்தனை பாகங்கள் செய்வது லாபம் என்ற கேள்விக்கு ஒரு சூத்திரம் எழுதினார். நாம் மனப்பாடம் செய்யும் ஈஓக்யூ சூத்திரத்தின் ஆரம்பம் அதுதான். அதில் செட்டிங் செலவு ஒரு தனி உறுப்பு. 1980-களில் ராபின் கூப்பரும் ராபர்ட் கப்லானும் கொண்டுவந்த ஏபிசி முறையில், செட்டிங் என்பது பீஸ் கணக்கில் வராத, ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனியாக வரும் செயல். பத்து மார்க் கேள்விக்கு இதை எழுதிவிட்டு, வேலைக்குப் போய் பர்ச்சேஸ் சீட்டில் உட்கார்ந்ததும் "பீஸ் ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால் படித்ததற்கு என்ன அர்த்தம்?

நான் சொல்வது மூன்றே விஷயம்.

ஒன்று, கொட்டேஷனில் செட்டிங் சார்ஜ் தனி வரியாக வரட்டும். ஆர்டர் பெரிதாக ஆக பீஸுக்கு அது தானாகக் குறைந்துவிடும். வாங்குபவருக்கும் அடிக்கடி சின்னச் சின்ன ஆர்டராகப் பிரித்துக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். ஒரு யூனிட் மட்டும் கேட்டால் அடித்து அனுப்புவார்கள், சங்கமாக எல்லோரும் கேட்டால் அடிக்க முடியாது.

இரண்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு செட்டிங் ஷீட். எந்த டூல், எந்த நீளம், பூஜ்யம் எங்கே, உச்ச வேகம் எவ்வளவு, முதல் பீஸ் அளவு என்ன, யார் பார்த்தது. நாம் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் எழுத மாட்டோம். அதே மரியாதை இதற்கும் வேண்டும். செட்டர் லீவு போட்டாலும் அந்தத் தாள் இருக்கும்.

மூன்று, "இன்னும் அரை மணி நேரம் வேண்டும்" என்று செட்டர் சொன்னால் அதை மறுக்கும் அதிகாரம் டெலிவரி தேதிக்கு இருக்கக் கூடாது. அவர் அந்த அரை மணியைக் கேட்பது தனக்காக இல்லை, பெரும்பாலும் அடுத்த எட்டு மணி நேரம் அந்தக் கதவின் முன்னால் நிற்கப் போகும் ஆபரேட்டருக்காக.

அந்த ஆபரேட்டர் பெரும்பாலும் நம்ம வயசுதான். ஐடிஐ முடித்துவிட்டு வந்த பையன். மெஷினை அவன் செட் செய்யவில்லை, புரோகிராமும் அவன் எழுதவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பி பச்சை பட்டனை அழுத்துகிறான். அந்த நம்பிக்கைக்கு ஆகும் செலவு, மேலே போட்ட உதாரணத்தில் 1,200 ரூபாய். அதை எந்தத் தலைப்பில் எழுதினாலும் சரி, 'ஐடில் டைம்' என்று மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

நம்ம கிளாஸ் பசங்க, ஒர்க்ஷாப் அனுபவம் உள்ளவர்கள், பர்ச்சேஸில் இருப்பவர்கள் எல்லோரும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். முக்கியமாக, செட்டிங் சார்ஜைத் தனியாக வாங்கிக்கொண்டிருக்கும் யூனிட் எதுவும் தெரிந்தால் எப்படி வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள். மாமாவுக்குக் காட்ட வேண்டும்.